மெதுவாப் போகாத காரு

அந்த டிரைவரோட எடது காலப் பாத்தீங்களா தம்பி? முன்னால கரும்பு லோடு டிராக்டர் போகுது, ரோட்டு வேல வேற, ஊர்ந்துதான் போயாகோணும். பாருங்க, பஸ்ஸு ஒதறுதா? நிக்குதா? ம்ஹூம். இத்தன சனத்த ஏத்திக்கிட்டு நடக்கற வேகத்துல கூட்டிட்டுப் போறான். இவனையெல்லாம் ஒருத்தனும் பாராட்ட மாட்டான். வேகமா ஓட்டுனாத்தான் ஊருல பேரு. மெதுவா ஓட்டறது எத்தன கஷ்டம்னு எனக்குத் தெரியுமுங்க. இருவது வருசமா நான் அதத்தான் ஓட்டுனேன்.

டிரைவர் இல்லீங்க நான். புளியம்பட்டில பந்தல் கடை. பந்தல், சேரு, பாத்திரம், சீரியல் லைட்டு, எல்லாம் வாடகைக்கு உடறது. நாச்சிமுத்துன்னா எல்லாருக்கும் தெரியும். நீங்க கோயமுத்தூரே போறீங்களா? அப்பச் சரி, சாவகாசமாப் பேசலாம். நானும் அங்கதான். ஒரு மெக்கானிக்கப் பாக்கப் போறேன். பாக்கன்னா, சண்டைக்குத்தானுங்க. எட்டாவது தடவயோ ஒம்பதாவது தடவயோ. அவனுக்கே சலிச்சுப் போயி, என்னையக் கண்டா டீ சொல்லிட்டு வண்டிக்கடியில போயிப் படுத்துக்கறான்.

காரு இருக்குதுங்க. இருந்துந்தான் பஸ்ஸுல போறேன். அதத்தானே சொல்ல வர்றேன்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு ஒரு காரு. உங்க வயசுக்குப் பாத்திருக்க மாட்டீங்க. ரெண்டே கதவு, குட்டி மூக்கு. அதோட மேல்தகட்ட அறுத்தெடுத்துட்டு திறந்த காரா ஆக்கி வெச்சிருந்தேன். பின்சீட்ட நல்லா ஒசத்தி, செவப்பு வெல்வெட்டு போட்டு, பொண்ணு மாப்பிள்ளை உக்காந்தா மூணு தெருவுக்குத் தெரியற மாதிரி. சுத்துவட்டாரத்துல அந்தக் காருல ஊர்கோலம் போகாத ஜோடி கம்மிங்க. முன்னால நாயனம், அதுக்கு முன்னால பேண்டு, அவங்க மூலைக்கு மூலை நின்னு ஒரு பாட்டு வாசிக்காம நகர மாட்டாங்க. நகந்து நிக்கோணும், நின்னு நகரோணும். காரும் அதுபாட்டுக்கு முனகாம வரும். முதல் கியர்ல போட்டுட்டு கால எடுத்துட்டா, தவில்காரரோட முதுகுக்கு ஒரு முழம் தள்ளியே வந்துட்டு இருக்கும். நான் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கலாம்.

எனக்கு ஒரே பொண்ணுங்க, தாரணி. அது சின்னதா இருக்கறப்ப பள்ளிக்கூடம் லீவுன்னா என்ற பக்கத்துல முன்சீட்டுல ஏறிக்கும். யாரு கல்யாணம், எவரு கல்யாணம்னெல்லாம் இல்ல. ஊர்கோலம் முடியற வரைக்கும் வாயி மூடாது. வாத்தியாரு திட்டுனது, பூனை குட்டி போட்டது, எல்லாம் சொல்லும். நான் ம்ம், ம்ம்னுட்டு ரோட்டப் பாத்துட்டு வருவேன். முகூர்த்த மாசம்னா நான் ஊடு தங்க மாட்டனுங்க, தொழில் அப்படி. "அவ உங்களப் பாத்ததே அந்தக் காருல வெச்சுத்தான்"ம்பா எங்க ஊட்டுக்காரி வசந்தாமணி. எதையும் பெருசு பண்ணிப் பேசறதே அவளுக்கு வேல.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

வைகாசில ஒரு காதுகுத்து விருந்து. என்ற சகலை மயில்சாமி, வசந்தாமணியோட தங்கச்சி ஊட்டுக்காரரு, கோயமுத்தூருல பம்பு கம்பெனி வெச்சிருக்காப்ல, புதுக் காருல வந்து எறங்குனாரு. பந்தியில நாலு பேரு நடுவுல கேக்கறாரு, "ஏனுங்க சகலை, உங்க காருல மாப்பிள்ளையா ஏறுனவன் தாத்தனாத்தான் எறங்குவானாமா?" எல்லாஞ் சிரிச்சுது. நானுஞ் சிரிச்சேன். தாரணி மட்டும் "எங்கப்பா காரு அவசரமே படாதுங் சித்தப்பா"ன்னுச்சு. அதுக்கும் சிரிச்சாங்க. நான் சிரிச்சுட்டேதான் எந்திரிச்சேன், ஆனா ஊட்டுக்கு வந்து ராத்திரிக்குச் சோறு எறங்கலீங்க. ஆமைக்காருன்னு ஊருல ஒரு பேரு இருக்கறது எனக்கும் தெரியும். ஆனா ஒறம்பரைக, சொந்தக்காரங்க நடுவுல ஒருத்தன் சொன்னா பொக்குன்னு போயிருது பாருங்க.

அந்தச் சமயத்துலதான் தாரணிக்கு ஆவணில கல்யாணம்னு முடிவாச்சு. மாப்பிள்ளை நியூசிலாந்துல இருக்காரு. நல்ல பையன். கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரமே ரெண்டு பேரும் கெளம்பறாங்கன்னு பேச்சு.

ஆடி பொறந்துச்சு. ஆடியில ஏது முகூர்த்தம்? பந்தல்காரனுக்கு ஆடி வந்தா உக்காந்து சட்டி எண்ணறதுதான் சோலி. காரு கொட்டாய்ல நிக்குது. நான் அதையே பாத்துட்டு நிக்கறேன். என்ற பொண்ணு கல்யாணத்துக்கு மயில்சாமி வருவாப்ல. என்ற காருலதான் ஊர்கோலம். அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணிப்புடோணும்னு மனசுல உழுந்துருச்சு. கோயமுத்தூருல வின்சென்ட்டுன்னு ஒருத்தன், பந்தயத்துக்கு வண்டி கட்டறவன்னு சொன்னாங்க. லாரில ஏத்திக் கொண்டுபோயி எறக்கிட்டேன்.

இங்கதான் கவனிக்கோணும் தம்பி, தப்பு யாருதுன்னு நீங்களே சொல்லுங்க. அந்த வின்சென்ட்டு காரச் சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டுக் கேக்கறான், "அண்ணா, இந்த வண்டிய நீங்க எதுக்குங்ணா ஓட்டறது? டவுனுக்குள்ளயா, லாங் போகவா?" சுத்தியும் நாலு பேரு நிக்கறான், ஒவ்வொருத்தனும் பந்தயக் காருக்காரன். அவங்க முன்னால ஊர்கோலத்துக்குன்னு எப்படிங்க சொல்றது? "ஊட்டி, கொடைக்கானல்னு அடிக்கடி போவேன் தம்பி"ன்னேன். பேச்சுக்குச் சொல்றதுதான். தொழில்காரனா இருந்தா அவனுக்கே தெரிய வேண்டாமுங்களா? பின்சீட்டு அத்தன ஒசரத்துல இருக்கு. பூச்சரங் கட்டறதுக்குச் சுத்தியும் கொக்கி அடிச்சிருக்கு. சீட்டு இடுக்குல பூராவும் அட்சதை அரிசி. இதெல்லாம் பாத்தும் ஊட்டிக்குப் போற வண்டின்னு ஒருத்தன் நெனைச்சான்னா, அவன் என்ன மெக்கானிக்கு?

ஆனா வேலைக்காரனுங்க. அதச் சொல்லாம இருக்க முடியாது. எஞ்சினப் பூராப் பிரிச்சான். ஹெட்டுன்னு எஞ்சினோட மேல்மூடி, அதக் கொண்டுபோயி மில்லிங்ல சீவிட்டு வந்தான். அப்படிச் சீவுனா உள்ள எடம் கொறஞ்சு பெட்ரோலு நல்லா அமுங்கி வெடிக்குமாம். கேம் ஷாஃப்ட்ட மாத்துனான். ஒத்தைக் கார்ப்பரேட்டர் இருந்த எடத்துல ரெண்டு பெருசா வெச்சான். ஃபிளைவீலுன்னு ஒரு கனச் சக்கரம், அதக் கடைசல் மெசின்ல குடுத்துப் பாதியாக் கடஞ்சு எடுத்தான். கனம் கொறஞ்சா எஞ்சினு சட்டுன்னு சுத்துமாம். அப்பறம் அந்தப் பொகைக்கொழாயி! நாலு சிலிண்டருக்கும் தனித்தனியா நாலு கொழாயி வளைச்சு, அதக் கொண்டாந்து ஒண்ணாச் சேத்து, பின்னால ஒரே நேர்க்கொழாயா உட்டான். சைலன்சருன்னு பேருக்கு ஒரு டப்பா, உள்ள ஒண்ணுமில்ல. அடைப்பில்லாம பொகை போனாத்தான் வண்டி மூச்சு உடுமுங்ணான்னான். கடைசில ரேடியேட்டர் காத்தாடியக் கழட்டிக் கையில குடுத்தான். "இது எதுக்குங்ணா, எஞ்சின் பவரத் திங்குது. ஓடற வண்டிக்குக் காத்து தானா வரும்." எனக்கு மெய்சிலுத்துருச்சுங்க. இத்தன நாளா அந்தக் காத்தாடிதான் என்ற காரப் புடிச்சு இழுத்துட்டு இருந்துச்சோன்னு அது மேல கோவங்கூட வந்துச்சு.

அங்கிருந்து நானே ஓட்டிட்டு வந்தேன். அவினாசி ரோட்டுல ஏறி ஒரு அழுத்து அழுத்துனம் பாருங்க. தம்பி, எனக்கு அம்பத்தேழு வயசு. அது வரைக்கும் என்ற தலமுடி காத்துல பறந்ததில்லீங்க. மூணாவது கியர்ல அது கத்துன கத்து இருக்கே, பொளேர்னு, ரோட்டோரம் டீ குடிச்சுட்டு இருந்தவனெல்லாம் டம்ளரோட திரும்பிப் பாத்தான். மயில்சாமிக்கு ஃபோனப் போட்டு, சகலை, சும்மா வாங்க பைபாஸ் பக்கம்னு வரச் சொல்லி, அந்தப் புதுக் கார சைடு வாங்கிட்டுப் போனேன். இருந்த இருப்புக்கு அது போதுமுங்க எனக்கு. அன்னைக்குச் செத்திருந்தாலும் சந்தோசமாப் போயிருப்பேன்.

ஊட்டுக்குக் கொண்டாந்து நிறுத்துனா, தாரணி ரெண்டு காதையும் பொத்திட்டு வெளிய ஓடியாருது. "ஏனுங்ப்பா, இது நம்ம காருதானுங்களா?"ன்னுச்சு. நம்மளதேதான் சாமின்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மெதுவாப் போகுமுங்களா?"ன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எண்பதுல போறவனுக்கு எட்டுல போகத் தெரியாதா அம்முணி? ஓடற குதிரைக்கு நடக்கச் சொல்லித் தரோணுமான்னேன். நீங்களே சொல்லுங்க, நெயாயமாப் பாத்தா அப்படித்தானுங்களே? பெரிய வேல செய்யறது சின்ன வேல செய்யாதா? மெதுவா ஓட்டிப் பாக்கோணும்னே எனக்குத் தோணல.

அதுல இருந்து கல்யாணம் வரைக்கும் தாரணி ஒரே கேள்வியக் கேட்டுட்டு இருந்துச்சு. சாப்படறப்ப, பத்திரிகைக்கு மஞ்ச தடவறப்ப, நான் செருப்பு மாட்டறப்ப. "ஏனுங்ப்பா, நம்ம ஊர்கோலம் ஒரு மணி நேரமாச்சும் ஆகுமில்லீங்ப்பா?" கோயில் சுத்தி வந்தா ஆகும் சாமின்னேன். "நீங்கதானே ஓட்டறீங்க? வேற ஆளப் போட மாட்டீங்கல்ல?" நாந்தான் சாமின்னேன். மறுபடியும் அதே கேள்வி. எனக்கு வெளங்கிருச்சு. பட்டுச்சீலை, நகை, வேர்வை, புள்ள அத்தன நேரம் உக்காரோணுமேன்னு மலைக்குதுன்னு. "பயப்படாத கண்ணு, இந்தக் காருல பாரு, பொசுக்குன்னு முடிச்சுப்புடறேன்"ன்னேன். அதுக்கப்பறம் அது கேக்கல. பாத்தீங்களா, சொன்னதும் நிம்மதி ஆயிருச்சு.

கல்யாணம் நல்லா நடந்துச்சுங்க. எங்கூர்ல முகூர்த்தம் முடிஞ்சு பொழுது சாய ஊர்கோலம். மண்டபத்துல இருந்து கெளம்பி, கடைவீதி வழியா மாரியம்மன் கோயிலு, அங்க கும்புட்டுட்டு எங்க தெருவு, அப்பறம் ஊடு. தெருவுக்குத் தெருவு பொண்டு புள்ளைக ஆரத்தித் தட்டு வெச்சுட்டு நிப்பாங்க. தாரணி கூடப் படிச்ச புள்ளைக, டியூசன் எடுத்த டீச்சரு, எல்லாம் வாசல்ல நிக்குது. காருக்குப் பூரா மல்லியும் ரோசும். நான் பட்டு வேட்டி கட்டி ஸ்டீரிங்ல உக்காந்தேன். பின்னால ஒசரத்துல எம்பொண்ணும் மாப்பிள்ளையும். முன்சீட்டுல வீடியோக்காரன், பின்பக்கமாத் திரும்பி முட்டி போட்டுட்டு எடுக்கறான். முன்னால நாயனம், அதுக்கு முன்னால பேண்டு. மயில்சாமி வெள்ளையும் சொள்ளையுமா ஓரத்துல நிக்கறாரு. சாவியத் திருப்புனேன்.

பொளேர்னுச்சு பாருங்க, நாயனக்காரரு ஊதறத நிறுத்திட்டாரு.

சரி, அது கெடக்கட்டும். முதல் கியர்ல போட்டு கால மெல்ல எடுத்தேன். ஒரே தாவு. தவில்காரரோட கெண்டக்கால்ல பம்பர் முட்டிருச்சு. "யோவ், என்னய்யா!"ன்னு திரும்பறாரு. பிரேக்க அமுக்குனா எஞ்சினு நின்னு போச்சு. மறுபடி ஸ்டார்ட்டு. மறுபடி தாவு. மறுபடி நின்னு போச்சு. ஆக்சிலேட்டர மிதிச்சுட்டே இருந்தாத்தான் எஞ்சினு உயிரோட இருக்குது, மிதிச்சா முன்னால போகப் பாக்குது. இருவது வருசமாப் பழகுன காலுங்க இது. அன்னைக்கு என்ற காலு என்ற பேச்சக் கேக்கல. நடுநடுவுல பின்னால கொழாய்ல படார் படார்னு வெடி. ஒரு அம்மா கையில இருந்து ஆரத்தித் தட்டு கீழ உழுந்து மஞ்ச சுண்ணாம்புத் தண்ணி பூரா ரோட்டுல செவப்பா ஓடுது. சகுனம்னு ஒருத்தி மொணங்கறா. ஸ்டீரிங்குக்கு முன்னால எஞ்சின் சூடு காட்டற முள்ளு ஏறுது. காத்தாடி இல்லீங்களே. ஓடற வண்டிக்குத்தானே காத்து வரும்? இது நிக்கற வண்டி. மண்டபத்துக் கேட்டத் தாண்டி கடைவீதி முக்கு வர்றதுக்குள்ள மூக்குல இருந்து ஆவி கெளம்பிருச்சு. மேல இருந்த மல்லிச்சரம் வெந்து போயிருச்சு தம்பி. பூவு வெந்த வாசம் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையோட மாமன், நல்ல மனுசன், பக்கத்துல வந்து, "ஏனுங்க சம்பந்தி, ஆஃப் பண்ணிருங்க, நம்ம பசங்க தள்ளிட்டு வரட்டும், மெல்லப் போலாம்"ங்கறாரு. பின்னால இருந்து தாரணியும், "ஆமாங்ப்பா, தள்ளிட்டே போலாங்ப்பா, அதே போதும்"னுச்சு. எப்படிங்க? எம்பொண்ணு கல்யாணத்துல, என்ற காரத் தள்ளிட்டுப் போறதா? அந்த மயில்சாமி கைகட்டி நிக்கறப்ப? தாரணியும் பெருந்தன்மையாச் சொல்லுது, கேக்க முடியுமா?

எனக்கு ஒரே வழிதான் தெரிஞ்சுது. காத்துப் பட்டாத்தான் எஞ்சினு தப்பிக்கும். கைய ஆட்டி, வழி உடுங்க, வழி உடுங்கன்னு பேண்டுக்காரங்கள ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு, ரெண்டாவது கியரத் தட்டுனேன். போச்சு பாருங்க! கடைவீதி போச்சு, கோயில் போச்சு. நிறுத்துனா மறுபடி எந்திரிக்காதுன்னு அம்மன ஓடற வண்டில இருந்தே ஒரு கும்புடு போட்டுட்டேன். எங்க தெருவுல தட்டோட நின்னவங்க எல்லாம் தட்டத் தூக்கறதுக்குள்ள தாண்டியாச்சு. டீச்சரம்மா கையில எதையோ வெச்சுட்டு ரெண்டு எட்டு ஓடியாந்தாங்க, அப்பறம் நின்னுட்டாங்க. ஊடு வந்துருச்சு. ஒரு மணி நேர ஊர்கோலம், ஒரு வெத்தல போட்டுத் துப்பறதுக்குள்ள முடிஞ்சுது. முள்ளு அப்பத்தான் கீழ எறங்குச்சு. உண்மையச் சொல்றேன், அந்த நேரத்துல மனசுக்குள்ள ஒரு சந்தோசமும் வந்துச்சுங்க. என்னா இழுப்பு!

ஊடு பூட்டியிருந்துச்சு. சாவி வசந்தாமணிகிட்ட. அவ ஊர்கோலத்துக்குப் பின்னால சனத்தோட நடந்து வர்றா. ஊரே அங்க இருக்குது, நாங்க இங்க. வீடியோக்காரன் லைட்டுக்காரனத் தேடிட்டு ஓடிட்டான். வாசல்ல நான், மாப்பிள்ளை, தாரணி, அவ்வளவுதான். மாப்பிள்ளை, "சவுண்டு சூப்பர் மாமா"ன்னாரு. தங்கமான பையன். தாரணி வாசப்படில மாலையோட உக்காந்துட்டு என்னையப் பாத்துட்டு இருந்துச்சு. நான் பானெட்டத் தூக்கி உள்ள என்ன போச்சுன்னு பாத்துட்டு இருந்தேன். பின்ன, பாக்க வேண்டாமுங்களா? கொதிச்சுக் கெடக்குது. சனம் வந்து சேர்ற வரைக்கும் பாத்துட்டுத்தான் இருந்தேன். வந்ததும் ஆரத்தி, பாலு, பழம், கூட்டம். அப்பறம் ஏது பேச்சு?

வசந்தாமணி மூணாம் நாளு பாத்திரம் கழுவிட்டே சொன்னா, "ஊரான் ஊட்டுப் புள்ளைக எல்லாம் அந்தக் காருல ஊர்கோலம் போச்சு. என்ற புள்ள மட்டும் போகல." நான் சொன்னேன், போச்சே, வேகமாப் போச்சு. "அது எதுக்கு ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம்னு கேட்டுதுன்னு உங்களுக்குத் தெரியவே இல்லீங்களா? தாலி கட்டுன பொறகு உங்க கூட அது உக்காந்து வர்றதுக்கு இருந்ததே அந்த ஒரு மணி நேரந்தான்"னா. அட, பின்சீட்டுல மாப்பிள்ளை கூட உக்காந்திருக்கற புள்ளைக்கு முன்னால ஓட்டறவன் கூட என்ன இருக்குதுங்க? இத நான் சொன்னா, "போயி கார்கிட்டயே பேசுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா. நான் சொல்லல? எதையும் பெருசு பண்ணறவ.

அடுத்த வாரம் அவங்க போயிட்டாங்க. ஏர்போர்ட்டுக்கு மயில்சாமி காருலதான் போனோம். என்ற காரத்தான் தொட முடியாதே.

இப்ப ஃபோன் வரும். "சாப்டீங்களாப்பா, மாத்தரை போட்டீங்களாப்பா, அம்மாகிட்டக் குடுங்க." அவ்வளவுதான். கோவமெல்லாம் இல்லீங்க, அது கோவப்படற புள்ளையே இல்ல. முன்னயெல்லாம் பூனை குட்டி போட்டதக்கூடச் சொல்லும், இப்ப நியூசிலாந்துல மழையான்னு நாந்தான் கேக்க வேண்டியிருக்கு. "ஆமாங்ப்பா, மழைதான்"னு சொல்லும். நான் என்னங்க தப்புப் பண்ணிட்டேன்? ஒரு காரச் சரி பண்ணேன். அதுகூட அவ கல்யாணத்துக்குத்தானே பண்ணேன்?

ரெண்டாவது மாசமே வின்சென்ட்டுகிட்டப் போயி, பழையபடி ஆக்கிக் குடுப்பா, மெதுவாப் போனாப் போதும்னேன். தலையச் சொறியறான். காத்தாடிய மாட்டலாமுங்ணா. கார்ப்பரேட்டரு மாத்தலாம். கேம் ஷாஃப்ட்டு பழசு இரும்புக்கடைக்குப் போயிருச்சு, அது இந்நேரம் உருகி ஏதாவது பம்பாகியிருக்கும். சீவுன ஹெட்டுல எப்படிங்ணா இரும்ப ஒட்டறது? கடஞ்ச ஃபிளைவீலுக்கு எங்கிருந்துங்ணா கனத்தக் கொண்டார்றது? வேற ஹெரால்டு எஞ்சின் கெடைச்சாப் பாக்கலாங்கறான். எங்கயுங் கெடைக்கல. ஊர்கோலத்துக்கு இப்ப யாரும் என்னையக் கூப்படறதும் இல்ல. ஆனா நான் சொல்றது அது இல்லீங்க. தை மாசம் அவங்க ரெண்டு பேரும் ஒரு பத்து நாளைக்கு வருவாங்கன்னு பேச்சு. அதுக்குள்ள ஆச்சுன்னா, ஒருக்கா, சும்மா, பேண்டு நாயனமெல்லாம் வேண்டாம், தாரணிய ஏத்தி உக்கார வெச்சு ஊரச் சுத்தி மெல்ல ஒரு சுத்து கூட்டிட்டு வரலாம்னு. வசந்தாமணிகிட்டச் சொன்னேன். "வரும், கேட்டுப் பாருங்க"ன்னா. ஃபோன்ல கேட்டேன். "எதுக்குங்ப்பா அலைச்சல்?"னுச்சு.

இன்னொண்ணு இருக்குது. உங்ககிட்டச் சொன்னா என்ன? வீடியோ போன வாரந்தான் வந்துச்சு. ஊர்கோலப் பகுதி ரெண்டு நிமிசங்கூட வராது. ஒரே எடத்த முன்னாலயும் பின்னாலயும் திருப்பித் திருப்பிப் போட்டு நீட்டியிருக்கான், பாவம், அவனும் என்னதான் பண்ணுவான்? அதுல நான் ரெண்டாவது கியரத் தட்டுனதுக்கப்பறம் ஒரு எடம் வருது. தாரணி தெருவப் பாக்கல. தட்டு வெச்சுட்டு நிக்கறவங்களப் பாக்கல. என்ற முதுகத்தான் பாக்குது. முன்னால குனிஞ்சு எதையோ சொல்லுது. வாயி அசையுது, ஆனா ஒண்ணும் கேக்கறதில்ல. கொழாய்ச் சத்தம் ஒண்ணுதான் கேக்குது. வீடியோக்காரன்கிட்டக் கொழாய்ச் சத்தத்த மட்டும் எடுத்துட்டுக் குடுக்க முடியுமான்னு கேட்டேன். சத்தத்த எடுத்தா எல்லாம் போயிருமுங்க, வேணும்னா பாட்டுப் போட்டுத் தர்றேங்கறான்.

ஃபோன்ல கேட்டேன், அன்னைக்குக் காருல நீ என்ன சாமி சொன்னேன்னு. "எப்பங்ப்பா? ஞாபகமில்லீங்களே"ன்னுச்சு. வசந்தாமணிகிட்டப் போட்டுக் காட்டுனேன். ஒருக்கா பாத்தா. பாத்துட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

நான் என்ன நெனைக்கறேன்னா, "சூப்பர்ப்பா"ன்னு சொல்லியிருக்கும். மாப்பிள்ளையும் அதத்தானே சொன்னாரு? ஒதடு ரெண்டும் ஒட்டி ஒட்டிப் பிரியுது பாருங்க, சூப்பர்ப்பான்னாலும் அப்படித்தானே வரும்? எனக்குக் கண்ணாடி போட்டும் சரியாத் தெரியல. நீங்க சின்ன வயசு, பாத்துச் சொல்லுங்க. இந்தாங்க, என்ற ஃபோன்லயே இருக்குது. அந்த முக்கோணத்த அமுக்குனா ஓடும். இப்ப வரும்... இப்ப. அந்தா. குனியுது பாத்தீங்களா?

என்னங்க?

அப்பாவா? வேற ஒண்ணுமில்லீங்களா? கூட எதாச்சும் இருக்கும், நல்லாப் பாருங்க. அப்பா, அப்பான்னு மட்டுமா கூப்பட்டுட்டே வருது?

கூப்பட்டுட்டேதான் வருதுங்களா.

நான் திரும்பலீங்களே தம்பி. திரும்ப வேண்டாம், மேல கண்ணாடி இருந்துச்சு, அதுல பாத்திருந்தாக்கூட அது மூஞ்சி தெரிஞ்சிருக்கும். நான் அந்தச் சூட்டு முள்ளையே பாத்துட்டு இருந்தனுங்க. அது அங்க கூப்பட்டுட்டு இருக்குது, நான் முள்ளு எறங்குதா, எறங்குதான்னு...

இல்லீங்க, ஒண்ணுமில்ல. தூசி. சன்னல இழுத்து உடுங்க.

அத இன்னொருக்கா போடுங்க தம்பி. அதுல மெதுவா ஓட உட முடியுமுங்களா?